வேனை நாறடித்தது நான் அல்ல

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல். பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பெரும்பாலும் என் பெயர்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சும் வராது. அதனால் வாயால் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கிறேன்.

போன மாதம் அக்கா மகன் ஒரு பழைய கார் வாங்கினான். உள்ளே ஏதோ கெட்ட வாடை. அதை மறைக்க வாசனைப் புட்டி ஒன்றைக் கண்ணாடிக்குக் கீழே தொங்கவிட்டிருந்தான். என்னை ஏற்றிக்கொண்டு போகும்போது சிரித்துக்கொண்டே, "ஏனுங் மாமா, நீங்க சின்னப் பையனா இருக்கறப்ப முட்டை திருடித் தின்னுபோட்டு ஓட்டையெல்லாம் வேன்ல ஒளிச்சு வெச்சீங்களாமா?" என்று கேட்டான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சோறு இறங்கவில்லை. நாற்பது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் அந்தக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊர் ராசிபுரத்துக்குப் பக்கம். அப்பா அதுவரை அடுத்தவர் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. அம்மாவின் அண்ணன், எங்கள் மாமன், நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தார். தன்னிடம் இருந்த பழைய வேனை அவர்தான் அப்பாவுக்குக் கொடுத்தார். பண்ணைக்கு ஆட்களை ஏற்றி இறக்கிய வண்டி என்று சொன்னார். உள்ளே புது சீட்டு போட்டு, தரையில் பலகை அடித்து அதன்மேல் புது ரெக்சின் ஒட்டி, மல்லிகைச் சரம் சுற்றி, ஊதுபத்தியைக் கட்டோடு கொளுத்தி வைத்து எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அம்மா அழுதேவிட்டார். கூடப்பிறந்தவன் கொடுத்த வண்டியை முகர்ந்து பார்க்க யாருக்குத் தோன்றும்?

முதல் பயணம் கொல்லிமலைக்கு. சாமி கும்பிட்டு வரலாம் என்று உறவினர்கள் பதினைந்து பேர் ஏறிக்கொண்டோம். சேந்தமங்கலம் தாண்டும்போது நல்ல வெயில். பூ வாடியது, ஊதுபத்தி அணைந்தது, தரையிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது. எனக்குத்தான் முதலில் தெரிந்தது, ஏனென்றால் இடமில்லாமல் என்னைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். அம்மாவிடம் நாறுகிறது என்று சொன்னேன். சும்மா இரு என்றார். மலை ஏறி மூன்றாவது வளைவு திரும்பும்போது வாந்தி எடுத்துவிட்டேன்.

நாற்றம் வந்ததால் வாந்தி எடுத்தேன். ஆனால் அன்றிலிருந்து, நான் வாந்தி எடுத்ததால்தான் நாற்றம் வந்தது என்று ஆகிப்போனது. மலையிலிருந்து இறங்குவதற்குள் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். மாமன் ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்து திரும்பிப் பார்த்து, புது வண்டியை இப்படிப் பண்ணிவிட்டானே என்று வருத்தப்பட்டார். அவர் வருத்தப்பட்ட முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

பிறகு ஆரம்பித்தது சுத்தம் செய்கிற வேலை. நாறடித்தவனே கழுவட்டும் என்று என்னிடம் விட்டார்கள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேனுக்குள் ஏற வேண்டும். அம்மா ஒரு குண்டா நிறையக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வைத்துக் கொடுப்பார். அதில் பினாயில் கலந்து ஊற்றித் தேய்ப்பேன். அடுத்தநாள் சோப்புத்தூள். வேப்பிலைக் கொத்துகளை சீட்டுக்கடியில் செருகினோம். அடுப்புக்கரியைத் துணியில் கட்டி நாலு மூலையிலும் வைத்தோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி. யாரோ சொன்னார்கள் என்று காபித்தூளைக்கூடத் தூவினோம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் நாற்றம் ஒதுங்கி நிற்கும். பிறகு பினாயிலையும் காபியையும் சேர்த்துக்கொண்டு முன்னைவிடப் பலமாக வரும்.

அப்பா அந்த வேனில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை ராசிபுரம் பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பஸ்ஸுக்கு மாறினார்கள். கல்யாண வாடகைக்கு வந்த ஒரு வீட்டார் பாதி வழியில் இறங்கிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்குள் வரவில்லை. வேனின் படியில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பிழைப்பு என்னால் போகிறது என்று நான் நம்பினேன். பத்து வயதுப் பையன் வேறு எதை நம்புவான்? என் உடம்பிலேயே ஏதோ கெட்டது இருக்கிறது, அது ஒருமுறை வெளியே வந்துவிட்டது என்று நினைத்து, இரண்டு வேளை குளிக்க ஆரம்பித்தேன்.

சித்திரை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவுக்குக் கல்யாணம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாமன் பார்த்துக் கொண்டுவந்த இடம். எட்டுப் பேர், எல்லோரும் நாமக்கல் பக்கம் பண்ணைக்காரர்கள். வாசலில் பந்தல் நிழலில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மாமன் நடுவில். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் முன்னால் நிற்காமல் பெண்ணுக்கு எந்தச் சடங்கும் நடக்காது. அன்று அவர்தான் ராஜா.

விருந்தாளிகள் கண்ணில் படாமல் இருக்கச் சொல்லி என்னை வேனுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பின்கதவுக்குப் பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெந்நீர் ஊற்றி ஊற்றி ரெக்சினின் ஓரம் ஒட்டு விட்டிருந்தது. இழுத்தேன். கையோடு வந்தது. கீழே பலகை. பலகையும் ஊறி உப்பி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அதையும் நெம்பினேன்.

அடியில் முட்டை. முட்டை அடுக்குகிற அட்டைத் தட்டுகள் கூழாகிக் கிடந்தன. அதற்குள் ஓடு, ஓடு, எங்கே பார்த்தாலும் ஓடு. இடுக்கெல்லாம் மஞ்சளும் சாம்பலுமாகக் கெட்டியாக ஏதோ அப்பியிருந்தது. அவித்த முட்டை மாதிரி. நாங்கள்தான் அவித்திருந்தோம். தினம் ஒரு குண்டா வெந்நீரை ஊற்றி, கழுவிப் போக வேண்டியதை வேகவைத்துத் தகரத்தோடு பிடிக்க வைத்திருந்தோம். பச்சைத் தண்ணீரை ஊற்றியிருந்தால் பாதி போயிருக்கும். வாந்தி என்று நினைத்தவர்கள் வெந்நீர் ஊற்றத்தானே செய்வார்கள்.

எனக்கு நாற்றமே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம். நான் இல்லை, நான் இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே, கூழையும் ஓட்டையும் இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அத்தனை பேருக்கு நடுவில் போய் நிற்கிற தைரியம் என் ஆயுசில் அன்று ஒருநாள்தான் வந்தது.

"அப்பா, வேனுக்கு அடியில இருந்துதுங்ப்பா" என்றேன்.

மாமன் கையில் இருந்த காபி டம்ளர் அப்படியே நின்றது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என் கையைப் பார்த்தார், பிறகு மாமனைப் பார்த்தார். அம்மா கதவோரம் வந்து நின்றுவிட்டார்.

அப்பா எழுந்து வந்தார். என் முகத்தை அல்ல, கையைத்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு கையால் என் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணுமில்லீங்க மச்சான். பையன் முட்டை திருடித் தின்னுபோட்டு ஓட்டைக் கொண்டுபோய் வண்டிக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கறானாட்ட இருக்குது. அதுதான் இத்தனை நாளா நாறிப்போச்சு."

பிறகு மாமன்தான் முதலில் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "அட சாமி, ஏண்டா திருடித் திங்கோணும்? மாமங்கிட்டக் கேட்டாத் தட்டோட தரமாட்டனா?" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், பையன் இந்த வயசிலேயே கெட்டிக்காரன்தான் என்றார். அம்மா உள்ளே போய்விட்டார்.

நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கழுத்தில் இருந்த விரல்கள் இறுகின. வலிக்கவில்லை, ஆனால் சத்தம் வரவில்லை. அப்படியே நின்றேன். முழங்கை வழியாக அந்தக் கூழ் ஒழுகிக்கொண்டிருந்தது.

கல்யாணம் அன்றைக்கே முடிவானது. மறுநாள் விடிந்ததும் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு வேனுக்குள் ஏறினார். ரெக்சின், பலகை, சீட்டு எல்லாவற்றையும் பிரித்து வெளியே போட்டார். அம்மா வழக்கம்போல அடுப்பில் குண்டாவை ஏற்றப் போனபோது, வெந்நீர் வேண்டாம், தொட்டித் தண்ணீர் போதும் என்றார். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, தகரக் கரண்டியால் சுரண்டி, சோடா உப்பைப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். கதவு நாலையும் திறந்து ஒரு வாரம் சித்திரை வெயிலில் நிறுத்தினார். நாற்றம் போயே போய்விட்டது. பழைய வண்டிக்கு வாசனை அடிக்கக் கூடாது, முதலில் தரையைப் பிரிக்க வேண்டும் என்று அக்கா மகனிடம் நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

ஆனி மாதம் என்னை ராசிபுரம் பள்ளிக்கூடத்தில் ஆறாவது சேர்த்தார்கள். பிள்ளைகளும் வேனுக்குத் திரும்பி வந்திருந்தார்கள். மூன்று நாள் அதில் போனேன். நான் ஏறினால் ஒருவன் கோழி மாதிரிக் கொக்கரிப்பான், மற்றவர்கள் முட்டையை எண்ணுவார்கள். அப்பா முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருப்பார். அவருக்குக் காது கேட்காமல் இல்லை. நாலாவது நாள் நான் ஏறவில்லை. அடித்தார்கள், ஏறவில்லை. அடுத்த மாதம் மாமனே வந்து என்னைத் தன் பண்ணைக்கு முட்டை பொறுக்க அழைத்துக்கொண்டு போனார். பெரிய உபகாரம்.

பதினொரு வருஷம் அங்கே இருந்தேன். அங்கே போய்த்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. பண்ணையில் பத்து நாள் நின்றவனுக்கு, இருபதடிக்கு அப்பால் ஒரு முட்டை கெட்டிருந்தாலும் தெரியும். நேற்று உடைந்ததா, ஆறு மாதத்துக்கு முன் உடைந்ததா என்றும் சொல்லிவிடுவான். திருடித் தின்கிற பையன் தட்டையும் சேர்த்துத் திருடமாட்டான் என்பதும் பண்ணைக்காரர் எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு அப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு நான் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய், இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் நம்பிவிட்டார்கள், எப்படி அவர்களுக்குப் புரியவைப்பது என்று யோசித்து யோசித்து அழுதேன். அந்த வாசலில் ஒருவர்கூட நம்பவில்லை என்பதும், புரியவைக்க அங்கே யாருமே இல்லை என்பதும் எனக்குத் தெரியாது.

ஐப்பசி ஏழு, வியாழக்கிழமை.