நாற்பத்தேழாம் நம்பர் அட்டைகள்

வாழ்க்கையில் நான் ஒரே ஒருவருக்குத்தான் டீச்சராக இருந்திருக்கிறேன். அந்த மாணவி என் அம்மா. எனக்கு அப்போது பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. கண்டிப்பு என்று வந்துவிட்டால் எங்கள் பள்ளி ஹெட்மாஸ்டரையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவேன்.

அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தாள். பக்கத்து வீட்டுக் காலாவுக்கும் அதே வரிசையில்தான் வேலை. காலா என்றால் உருதில் அம்மாவின் கூடப் பிறந்தவள். அவர் எங்களுக்கு உறவில்லை, ஆனால் பேசப் பழகிய நாளிலிருந்து நான் அப்படித்தான் கூப்பிட்டேன். அம்மாவுக்கு அவர் ஆபா, அதாவது அக்கா. மதியம் டப்பாவைத் திறந்ததும் இருவரும் பாதிப் பாதி மாற்றிக்கொள்வார்கள். அம்மாவின் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றால் சாயங்காலம் காலா என்னிடம் வந்து புகார் சொல்வார்.

அந்த வருஷம் அம்மாவின் வரிசையில் செக்கர் வேலை காலியானது. செக்கர் தைக்க வேண்டியதில்லை. தைத்து வந்ததைப் பார்த்து, குறை இருந்தால் மஞ்சள் அட்டை ஒன்றில் ஆங்கிலத்தில் எழுதி, தைத்தவரின் நம்பரைப் போட்டு சூப்பர்வைசரிடம் கொடுக்க வேண்டும். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வரும்போது அட்டைகளையும் புரட்டிப் பார்ப்பார்களாம், அதற்காகத்தான் ஆங்கிலம். அம்மாவுக்குத் தீராத இடுப்பு வலி. இந்த வேலை கிடைத்தால் நாள் முழுக்க மெஷினில் குனிந்திருக்க வேண்டாம். ஆனால் எழுத்துப் பரீட்சை உண்டு. அம்மா படித்ததோ எட்டாவது வரை, அதுவும் தமிழில்.

நான் களத்தில் இறங்கினேன். ஊசி ஒரு குத்தைத் தாண்டிப் போனால் ஸ்கிப்டு. நூல் அறுந்தால் ஸ்னாப்டு. உள்துணி நழுவினால் ஸ்லிப்டு. ஷூவுக்கு வருகிற வியாதிகள் எல்லாம் ‘ஈ.டி.’ சேர்ந்ததும் கடைசி எழுத்தை இரட்டித்துக்கொள்ளும் ரகமாகவே இருந்தன. தோல் உரிந்து வருகிற பீல்டு மட்டும் ஒற்றை ‘எல்’ எழுத்தோடு நின்றுவிட்டது.

“அது ஏன் அதுக்கு மட்டும் ஒண்ணு?” என்றாள் அம்மா.

“ரூல்மா.”

“அதான், இன்னா ரூலு?”

எங்கள் டீச்சர் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டே யோசித்தாள்.

“கல்லை எறிஞ்சா கல்லெறிஞ்சான்னு ரெண்டு லகரம் போடறோம். காலடிக்கு ஒண்ணு தான் போடறோம். ஸ்கிப்பு குறிலு, பீலு நெடிலு. அவ்ளோ தான?”

எனக்கு ஆச்சரியத்துக்கு முன்னால் கோபம் வந்தது. டீச்சருக்குத் தெரியாத காரணத்தை மாணவி கண்டுபிடிப்பது வகுப்புக்கு நல்லதல்ல. ஆனாலும் அடுத்த ஒரு வாரம் எனக்கு அதே நினைப்புதான். மண்ணில், மானில், பல்லில், பாலில் என்று பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எங்கேயோ இருக்கிற இங்கிலீஷ்காரனும் எங்கள் வீட்டு அம்மாவும் எப்படி ஒரே மாதிரி யோசித்தார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை. ஓபன் மாதிரிச் சில சொற்கள் எங்கள் விதிக்கு அடங்காமல் முரண்டு பிடித்தன. அவற்றை அடுத்த வருஷப் பாடத்துக்குத் தள்ளிவைத்தேன்.

அம்மா பாஸானாள். காலா சேமியா பாயசம் வைத்துக் கொண்டுவந்து, “டீச்சருக்குத் தான் மொத கிளாஸ்” என்று என் கையில் கொடுத்தார்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரே ஆளுக்கு ஒரு வாரத்தில் மூன்று அட்டை விழுந்தால் மெஷினிலிருந்து எழுப்பிப் பசை மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். காலா முன்பு அந்த மேஜையில் இருந்தவர்தான். பசை நெடி ஒத்துக்கொள்ளாமல் இளைப்பு வந்து, யார் யாரிடமோ கெஞ்சி மெஷினுக்கு மாறியவர். வாசலில் அவர்கள் பேசும்போது இதெல்லாம் என் காதிலும் விழுந்திருக்கிறது. ஆனால் அது கம்பெனி சமாச்சாரம், என் பாடத்தில் வராது.

ஒரு சனிக்கிழமை காலை சர்க்கரை திருடப் போன இடத்தில், டப்பாவுக்குப் பின்னால் ஐந்து மஞ்சள் அட்டைகள் ரப்பர் பேண்டு போட்டு இருந்தன. எல்லாம் அந்த வாரத்து அட்டைகள். ஐந்திலும் ஒரே குறை, தையல் தாண்டிப் போயிருக்கிறது. ஐந்திலும் ஒரே நம்பர், நாற்பத்தேழு. அது காலாவின் நம்பர் என்று எனக்குத் தெரியாது. என் கண்ணில் பட்டதெல்லாம், இரண்டு அட்டைகளில் ஸ்கிப்டுக்கு ஒரு பி குறைகிறது என்பதுதான். பிழைக்கு வெட்கப்பட்டுத்தான் அம்மா கொடுக்காமல் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன். பாவமாக இருந்தது. நீலப் பேனாவால் விட்டுப்போன எழுத்தை நுழைத்துச் சரிசெய்தேன்.

செக்கர்கள் சீக்கிரம் போக வேண்டும் என்பதால் அம்மா கம்பெனியின் முதல் வேனிலேயே போய்விட்டிருந்தாள். நான் தெருமுனைக்கு ஓடினேன். இரண்டாவது வேனின் முன் சீட்டில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். ஏறுவதற்காக வரிசையில் நின்ற காலா என் கன்னத்தைத் தட்டி, “இன்னா டீச்சர், காலைலயே வேலைக்கு வந்துட்ட?” என்றார். நான் சிரித்துவிட்டு அட்டைகளை சூப்பர்வைசரிடம் நீட்டினேன்.

“சார், அம்மா இத வெச்சிட்டு போய்ட்டாங்க.”

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். “ஒரே வாரத்துல அஞ்சா?” என்று முணுமுணுத்தார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அம்மாவை செக்கர் வேலையிலிருந்து எடுத்து மறுபடியும் மெஷினில் உட்காரவைத்தார்கள், அதுவும் காலாவின் மெஷினில். காலா பசை மேஜைக்குப் போனார். அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது அம்மாவுக்கு மட்டும் தெரியும். பக்கத்தில் ஆள் நிற்பதால் அட்டையை எழுதாமல் இருக்க முடியாது. எழுதிவிட்டுப் பையில் போட்டுக்கொள்வாளாம். டீ குடிக்கிற நேரத்தில் அந்தத் தையலைப் பிரித்து அவளே சரியாகத் தைத்துவிடுவாளாம். அட்டைகளைக் கிழித்துப்போட மட்டும் ஏனோ கை வரவில்லையாம். இதையெல்லாம் நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை நான் வேறு கவலையில் இருந்தேன்.

“அட்டைய நான் தான் கொடுத்தேன். சொன்னாங்களா?” என்று கேட்டேன்.

“சொன்னாங்க.”

“ஸ்பெல்லிங் சரியா இருந்துச்சாமா?”

அம்மா முகம் கழுவிக்கொண்டிருந்தாள். துண்டால் துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது. “ம். ஒரு தப்பும் இல்லயாம்.”

“அப்புறம் ஏன் உன்ன மெஷினுக்கு அனுப்பிட்டாங்க?”

“எனக்கு இன்னும் எழுத சரியா வரல.”

குற்றம் என்னுடையதுதான் என்று எனக்குப் பட்டது. அவசரப்பட்டுப் பாடத்தை முடித்துவிட்டேன். நோட்டை எடுத்துவந்து அம்மாவை உட்காரவைத்தேன். முதல் வார்த்தையிலிருந்து மறுபடி தொடங்கினேன். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல எழுதினாள். பக்கத்து வீட்டில் காலா விடாமல் இருமிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இருமலுக்கும் அம்மாவின் பேனா நின்று நின்று போனது. சத்தத்தில் அவளுக்குக் கவனம் சிதறுகிறது என்று நினைத்து, எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.