கட்டாத வேப்பிலை

உனக்குப் படிக்க வேறு பாடமே கிடைக்கவில்லையா? நர்ஸ் படிப்புக்குப் போகிறவள், என் சின்ன வயசுப் பெரியம்மைக் கதையைக் கேட்டு யாருக்கு ஊசி போடப் போகிறாய்? விடமாட்டாய். சரி, கேட்டுத் தொலை.

அப்போது ராயபுரத்துக் குப்பத்தில் இருந்தோம். எனக்கு ஏழெட்டு வயது. எங்களோடு இருந்த சித்திக்கு, அம்மாவின் தங்கைக்கு, அம்மை கண்டது. அப்படிப்பட்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகுவார்கள். அதைப் பார்த்தால் தெருக்காரர்கள் உள்ளே வரமாட்டார்கள், அம்மை குத்தும் ஊசிக்காரர்கள் வந்துவிடுவார்கள். வந்து, நோயாளியை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். போனவர் திரும்பமாட்டார் என்று குப்பமே நம்பியது.

"இது என் ஒடம்பு, அக்கா. செத்தாலும் இந்த வூட்லயே சாவுறேன். வாசல்ல எல கட்டாத" என்றாள் சித்தி.

அம்மா கட்டவில்லை. சித்தியின் பாயைச் சுற்றி மட்டும் பரப்பினாள். யாரையும் உள்ளே விடாதே என்று என்னை வாசலில் உட்கார வைத்தாள். எனக்கு அது கலெக்டர் உத்தியோகம். யார் வந்தாலும், "அம்மா குளிச்சிகினு கீது" என்றேன்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா கைக்குழந்தையோடு வந்தாள்.

"இன்னாடி, மூணு நாளா குளிக்கிறாளா உங்கம்மா? கடலுக்குத் தண்ணி மிச்சம் வெப்பாளா, மாட்டாளா? இந்தா, இவன கொஞ்சம் பாத்துக்கினு இரு. மார்க்கெட்டு போய்ட்டு வந்துர்றேன்."

என் மடியில் குழந்தை! பெருமை தாங்காமல், சித்தியிடம் காட்ட உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினேன். சித்தி சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா அலறி எங்களை வெளியே விரட்டினாள். என் முதுகில் ஒன்று வைத்தாள். குளித்த பொய்க்கும் சேர்த்து இன்னொன்று. பிறகு அந்தக் குழந்தையையே வெகுநேரம் பார்த்தபடி நின்றாள். உள்ளே போய்ப் பாயோரத்து இலையை அள்ளி வந்து வாசலில் செருகினாள்.

"அக்கா, வாணாம்க்கா!" என்று சித்தி கத்தியது தெருக்கோடி வரை கேட்டது.

மறுநாள் வண்டி வந்தது. சித்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாதான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். என் கண்ணால் பார்த்தேன். தெரு முழுக்க ஊசி குத்தினார்கள். அக்காவின் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கூடப்பிறந்தவளைப் பிடித்துக் கொடுத்தவள் என்று குப்பத்துப் பெண்கள் அம்மாவோடு பேசுவதை விட்டார்கள்.

வெகுநாள் கழித்து, முகமெல்லாம் தழும்போடு சித்தி திரும்பி வந்தாள். குழாயடியில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அம்மா தள்ளி நின்றாள். அப்போது சித்தி புளுகிய புளுகைக் கேட்டு நான் வாயைப் பிளந்தேன். நான் சொன்ன பொய்க்கு முதுகில் விழுந்தது. இவ்வளவு பெரிய பொய்க்கு அம்மா ஏன் அடிக்காமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. சித்தி சொன்னது இதுதான்:

"எங்கக்காவ எவளும் ஒரு வார்த்த பேசக் கூடாது. நானாத்தான் வண்டில ஏறுனேன். போவாத, போவாதன்னு அவதான் என் கையப் புடிச்சி இஸ்துகினு நின்னா."