மூக்கம்மா வீட்டு ஓட்ஸ் கஞ்சி

அலவத்துகொடையில் ஹபீல் முதலாளியின் வாசனைச் சரக்கு ஸ்டோருக்குப் போய் ரத்தினம்மா எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மூக்கம்மா என்று கேட்க வேண்டும். மூட்டையின் வாயை அவிழ்த்து ஒரு பிடி அள்ளுவாள். உள்ளங்கையில் இரண்டு தரம் தேய்த்து முகத்துக்கு நேரே கொண்டுபோவாள். பிறகு ஒரே ஒரு சொல். "எடுக்கலாம்" அல்லது "வேணாம்." விற்க வந்தவன் எகிறிக் குதித்தாலும் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வராது.

தெல்தோட்டையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், பழனியாண்டியைக் கட்டிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்கு வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஸ்டோரில் முதலில் கிடைத்தது கூட்டிப் பெருக்கும் வேலை. சேர்ந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஹபீலின் வாப்பா, அன்றைய பெரிய முதலாளி, லொறியில் வந்திறங்கிய சாதிக்காயைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். விளக்குமாறும் கையுமாக நின்ற இந்தப் பெண், "நடு மூட்டையில எலி செத்துக் கெடக்குங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய முதலாளி மட்டும் சிரிக்காமல் மூட்டையைக் கொட்டச் சொன்னார். கிடந்தது. அன்றைக்கே விளக்குமாறு வேறு கைக்குப் போனது.

அந்த மூக்கின் தயவில்தான் பழனியாண்டி செத்த பிறகும் அந்த வீட்டில் உலை கொதித்தது. மகள் யசோதா படித்தாள், சமையல் பயிற்சிக்குப் போனாள், பயணக் கப்பலொன்றின் சமையலறையில் வேலை தேடிக்கொண்டு கடலேறினாள். ஐந்து வருடம். நடுவில் ஒரே ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இப்போது ஒப்பந்தம் முடிந்து வந்து ஆறு வாரமாகிறது. அதற்குள் வீடு அவளுக்குச் சின்னதாகிவிட்டது. காலையில் மகாவலிப் பாலம் வரைக்கும் நடப்பாள், வந்து உட்காருவாள், உட்கார்ந்த சூடு ஆறுமுன் மறுபடியும் எழுந்து நடப்பாள்.

ஆனால் ஒன்று அவளைக் கட்டிப்போட்டது. அம்மா எதைச் சமைத்தாலும் முதல் கரண்டி யசோதாவுக்குத்தான். அவள் வாயில் போட்டு விழுங்குகிற வரைக்கும் ரத்தினம்மா கண்கொட்டாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இத்தனை வருடம் பிள்ளையைப் பார்க்காத ஏக்கம் என்று யசோதா நினைத்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் சில வேளை தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்துபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோர் லீவு. கிளினிக்கில் ரத்தினம்மாவுக்குக் கொலஸ்ட்ரோல் கூடியிருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். ரொட்டியும் சம்பலும் வேண்டாம், ஓட்ஸ் காய்ச்சித் தருகிறேன் என்றாள் யசோதா.

"வெறும் ஓட்ஸ கப்பல்ல வச்சுக்க. இந்த வீட்டுல சரக்குப் போடாம எதுவும் வேகாது" என்றாள் ரத்தினம்மா. கறுவாப்பட்டை, ஏலக்காய், நாலு கராம்பு, பாதி சாதிக்காய், ஒரு துண்டு இஞ்சி எல்லாம் வந்து வரிசையாக உட்கார்ந்தன.

யசோதா ஓட்ஸை வெறும் சட்டியில் போட்டுச் சிவக்க வறுத்தாள். சரக்கையெல்லாம் தட்டிப் பாலில் போட்டுக் கொதிக்கவிட்டாள். ஓட்ஸைக் கொட்டிக் கிளறி, தீயைக் குறைத்து மூடிவைத்தாள். இனிப்புக்குக் கடைசியில் விடுவதற்கு ஒரு கரண்டி கித்துள் பாணியையும் எடுத்துவைத்தாள். போன் அடித்தது. கொழும்பு ஏஜென்சி. வீட்டுக்குள் மணி அடிக்கும், பேச்சுத்தான் அறுந்து அறுந்து போகும். கேட்டுக்கு ஓடினாள். அடுத்த மாதம் பதினாலாம் திகதி கப்பல், வருகிறீர்களா இல்லையா, இன்றைக்குப் பின்னேரத்துக்குள் சொல்லுங்கள் என்றார்கள். சந்தோஷத்தில் அவளுக்கு அடுப்பே மறந்துபோயிற்று.

திரும்பி வாசற்படியில் கால் வைக்கும்போதே மூக்கில் அடித்தது. பால் தீய்ந்த நாற்றம். ஓடினாள். ரத்தினம்மா அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி, இரண்டு முழத் தூரத்தில், பலகையில் உட்கார்ந்து ஏலக்காய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னாடி, கறுவா வாசம் கேட் வரைக்கும் வந்திருக்குமே!" என்றாள் பெருமையாக, திரும்பாமலே.

கிண்டல் செய்கிறாள் என்று யசோதா சிரித்தாள். மூடியைத் திறந்தாள். அடியெல்லாம் கரி. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். அம்மாவின் முகத்தில் கிண்டலே இல்லை.

"அம்மா, இப்ப என்ன வாசம் வருது?"

"கறுவா. பின்னால ஏலக்கா லேசா வருது. ஏன்?"

யசோதா ஒரு பல் வெள்ளைப்பூட்டை எடுத்து நசுக்கினாள். "கொஞ்சம் கண்ண மூடு."

"என்னா வெளையாட்டு இது, காலங்காத்தால?"

"மூடும்மா." மூக்கில் முட்டுகிற மாதிரிப் பிடித்தாள். "இது என்னா?"

ரத்தினம்மா ஆழமாக இழுத்தாள். ஸ்டோரில் முப்பது வருடமாக இழுக்கிற அதே இழுப்பு. யோசித்தாள். "இஞ்சிதானே?"

யசோதா பூண்டைக் கீழே போட்டாள். அது உருண்டுபோய் அம்மாவின் காலடியில் நின்றது. ரத்தினம்மா கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள்.

"எத்தன நாளா?"

"கொரோனாக் காய்ச்சல் வந்துச்சுல்ல. அப்ப போனது."

"மூணு வருஷத்துக்கு மேல ஆச்சேம்மா!"

"ஆச்சு."

"அப்ப ஸ்டோர்ல? தெனமும் மூட்டைய மணந்து பாக்குறியே?"

"கராம்ப தண்ணியில போட்டா தெரிஞ்சிரும்" என்றாள் ரத்தினம்மா, யாரோ வேறொருத்தியின் வேலையைச் சொல்வது போல. "நல்லதுன்னா தலையத் தூக்கிக்கிட்டு நிமிந்து நிக்கும். எண்ணெ எடுத்த சக்கைன்னா படுத்துக்கும். மிளகுல பப்பாசி வெத கலந்திருந்தா மெதக்கும். நகத்தால கீறிப் பாப்பேன், ஒடச்சுப் பாப்பேன்."

"மணத்துக்கு?"

"அதுக்கு முதலாளி இருக்காருல்ல. நீங்க மொதல்ல பாருங்க முதலாளின்னு மரியாதையா கைய நீட்டுவேன். அவரு மொகம் சொல்லிரும். அதப் பாத்து நான் சொல்லுவேன்."

யசோதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகம். அம்மா முகத்தைப் பார்த்து வாசம் பிடிக்கிறாள்.

"அப்ப என் மொகத்த?" என்றாள். "நான் திங்கும்போதெல்லாம் பாக்குறியே, அது?"

ரத்தினம்மா கையிலிருந்த ஏலக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உப்பும் இனிப்பும் நாக்குக்குத் தெரியுதுடி. மத்ததுக்கு நான் எங்க போவேன்?"

சமைத்து முடித்ததும் காஸ் சிலிண்டரின் தலையைக் கழற்றிவைக்கும் அம்மாவைப் போன வாரம்தான் யசோதா கேலி செய்திருந்தாள். காஸ் கசிந்தாலும் அம்மாவுக்குத் தெரியாது. இப்போது அந்த சிலிண்டரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"முதலாளிக்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"என்னான்னு? மூக்கம்மாவுக்கு மூக்கு போச்சுன்னா? மறுபடியும் வெளக்கமாத்தக் குடுப்பாரு. இந்த வயசுல குனிஞ்சு கூட்ட முடியுமா என்னால? வாயத் தொறந்துறாத யசோ, ஒனக்குக் கோடிப் புண்ணியம்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கேட்டில் ஹோர்ன் சத்தம். ஸ்டோர் வேன். ஞாயிற்றுக்கிழமையில் ஒருநாளும் வராத ஹபீல் முதலாளி, கையில் ஒரு துணிப் பையோடு இறங்கி வந்தார். கண்ணெல்லாம் நீர், மூக்கு சிவந்து தக்காளி மாதிரி இருந்தது.

"ரத்தினக்கா, கோவிச்சுக் கொள்ளாதீங்க. ஹுன்னஸ்கிரியால இருந்து புது ஆள் ஒருத்தன் லொறி நெறைய கராம்பு கொண்டுவந்து ஸ்டோர் வாசல்ல நிக்கிறான். நான் மணந்து பாத்துச் செல்லலாம் எண்டா, தடிமன் புடிச்சு மூணு நாளா ஒண்டுமே வெளங்குதில்ல. இண்டைக்கு முழுக்க முழுக்க உங்கட மூக்குதான்."

ரத்தினம்மாவின் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் எங்கோ போனதை யசோதா பார்த்தாள்.

முற்றத்தில் நின்றபடியே வேலை நடந்தது. ஒரு கிளாஸ் தண்ணீர் வந்தது. பையிலிருந்து எடுத்துப் போட்ட கராம்பு எல்லாமே தலையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றன. நகத்தால் அழுத்தினாள், எண்ணெய் கசிந்தது. பிறகு ஒரு பிடி அள்ளித் தேய்த்து முகத்துக்கு நேரே கொண்டுபோய், வழக்கம்போல முதலாளியை நிமிர்ந்து பார்த்தாள். ஹபீல் லேஞ்சியால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் தடிமனைத் தவிர வேறொன்றும் இல்லை.

"யசோ, இங்க வா. நீயும் சும்மா மணந்து பாரேன்."

முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் யசோதா நினைத்தாள். அம்மாவைப் பொய்க்குள் இன்னும் ஒரு அடி தள்ளிவிடக் கூடாது என்று. குனிந்தாள். கராம்பின் காரமான வாசத்துக்கு அடியில் வேறொன்று சுருக்கென்று ஏறியது. மூக்கு தன்பாட்டில் சுருங்கிவிட்டது.

"வேணாம் முதலாளி" என்றாள் ரத்தினம்மா அதே கணத்தில்.

"வேணாமா? தண்ணியில நல்லாத்தானே நிண்டிச்சு?"

"வாசம் சரியில்லீங்க."

"என்ன வாசம் எண்டு செல்லுங்களேன். அவனும் சும்மா ஆளில்ல, காரணம் கேப்பான். நான் ஒண்டு செல்லணும் தானே."

முப்பது வருடத்தில் மூக்கம்மாவிடம் யாரும் காரணம் கேட்டதில்லை. ரத்தினம்மா மகளின் முகத்தைத் தேடினாள். சுளித்த முகம் ஆகாது என்று சொல்லும். ஏன் ஆகாது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

"பூஞ்சணம்..." என்றாள் தயங்கி.

"மண்ணெண்ணெ" என்றாள் யசோதா. சொன்ன பிறகுதான் இருவரும் ஒரே நேரத்தில் பேசிவிட்டது விளங்கியது.

ஹபீல் ஒருத்தியை விட்டு மற்றவளைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே வாசமா? இதென்ன ரத்தினக்கா?"

யசோதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரத்தினம்மா கையை நீட்டித் தடுத்தாள். "நீ சும்மா இரு" என்றுவிட்டு, கராம்பைப் பைக்குள் திரும்பப் போட்டாள். "எனக்கு மூக்கு இல்லீங்க முதலாளி. கொரோனாவோட போச்சு."

ஹபீல் சிரிக்கத் தொடங்கினார். பாதியில் நின்றது அந்தச் சிரிப்பு. "அப்ப இவ்வளவு காலமும் ஸ்டோர்ல மணந்து பாத்தது ஆரு?"

"நீங்கதான்."

"நானா?"

"நீங்க மணப்பீங்க. நான் உங்க மொகத்தப் பாப்பேன்."

முதலாளி வாசற்படியில் உட்கார்ந்தார். "அந்தப் பூஞ்சணம் புடிச்ச ஏலக்காய்?"

"நீங்கதான் மொகத்தச் சுளிச்சீங்க."

"போன நோம்புல திருப்பி அனுப்பினமே, அந்தக் கறுவா?"

"அதுவும் நீங்கதான் முதலாளி. நான் பக்கத்துல நின்னேன்."

"யா அல்லாஹ்! ஒனக்கு மூக்கே இல்லடா, ரத்தினத்துக்கிட்டப் படிச்சுக்கோடா எண்டு வாப்பா மவுத்தாகிற வரைக்கும் ஏசினாரே என்னை!" ஹபீல் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், புதிதாக யாரோ கொண்டுவந்து ஒட்டிவைத்ததைப் போல. பிறகு போனை எடுத்து, லொறிக்காரனிடம், "மண்ணெண்ணெ பட்டீக்கி, வேணாம்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

ரத்தினம்மா கைகட்டி நின்றாள். விளக்குமாறு வருமா, வராதா?

கேட்டடியில் போய் ஹபீல் திரும்பினார். முகம் இன்னும் தெளியவில்லை. "என்ட தடிமன் சுகமாகிற வரைக்கும் ஒரு மூட்டையும் எடுக்கிறல்ல. நாளைக்கு வேன் வழமையா வரும், வந்து தண்ணியில போட்டுப் பாக்கிற வேலையப் பாருங்க. இத ஸ்டோர்ல ஒருத்தருக்கும் செல்லிப்போடாதீங்க, ரத்தினக்கா. மூக்கம்மாவுக்கு மூக்கில்ல எண்டு வெளிய தெரிஞ்சா, வாறவன் எல்லாம் எலியோடதான் வருவான்."

வேன் போய்விட்டது. ரத்தினம்மா உள்ளே வந்து, கருகாத மேல்பாகத்தை இரண்டு கோப்பையில் வழித்துப் போட்டு, கித்துள் பாணியை விட்டாள். ஒரு கரண்டியை மகளிடம் நீட்டிவிட்டு, பழக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்தாள்.

யசோதா கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். "மொகத்தப் பாக்காதம்மா. வாயாலயே சொல்றேன்." விழுங்கினாள். "கராம்பு தூக்கலா இருக்கு. சாதிக்கா போதாது. எல்லாத்துக்கும் மேல பால் தீஞ்ச வாசம் அடிக்குது."

"தீஞ்ச பாலு" என்றாள் ரத்தினம்மா மெல்ல. "அது எப்படிடி இருக்கும்? மறந்துபோச்சு."

யசோதா வாயைத் திறந்தாள். எத்தனையோ துறைமுகத்தில் இறங்கி ஏறியவளுக்கு அதற்கு ஒரு சொல் அகப்படவில்லை. மேசையில் போன் அடிக்கத் தொடங்கியது. ஏஜென்சிதான். இருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரத்தினம்மா கரண்டியைப் பிடித்தபடி, மகள் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தாள்.