ஆறாம் வாசல் சரிவில் பல்லக்கா

பல் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், இருபத்திரண்டு வருடமாகப் பொய்ப்பல் செய்துகொண்டிருந்தார் அவர். மெழுகில் ஈறு செதுக்குவது, பல்லைப் பதிப்பது, தேய்த்து மெருகேற்றுவது. எல்லாமே உட்கார்ந்த இடத்தில். அந்தப் பகுதியில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிப்பது அவர் புண்ணியத்தில்தான் என்பதால் எல்லோருக்கும் அவர் பல்லக்கா. ஐம்பத்தொரு வயதில் முழங்கால் மடங்க மறுத்தது. மாடிப்படியில் அவர் தடுமாறுவதைப் பார்த்த டாக்டர் சொன்னார்:

"அக்கா, நான் பல் டாக்டர்தான். எனக்கே தெரியுது, நீங்க நடக்கணும்."

நடக்க இடம் வேண்டுமே. அவர் தெருவின் நடைபாதையில் ஸ்கூட்டர்கள்தான் நிம்மதியாக நின்றன. இரண்டு தெரு தள்ளி இருந்தது பெரிய விளையாட்டு அரங்கம். ஆட்டம் முடிந்து நாற்பதாயிரம் பேர் இடிபடாமல் வெளியேற, அதைச் சுற்றிலும் அகலமாகச் சிமென்ட் தரை. மற்ற நாளெல்லாம் பூட்டு. அந்த வருடம்தான் வேலியைப் பிடுங்கிவிட்டு, மரம் வைத்து, தரையில் நூறு மீட்டருக்கு ஒரு கோடும் போட்டார்கள். மறுநாளே ஜனம் உள்ளே கொட்டியது. ஒரு பக்கம் பூப்பந்து, ஒரு பக்கம் சைக்கிள் பழகும் பெண்கள். ஏழாம் வாசலில் ஓய்வுபெற்றவர்கள் இரண்டு வரிசையாக நின்று கையைத் தூக்கித் தூக்கி இறக்கினார்கள்.

துணைக்கு வந்த கணவர் பேருந்து ஓட்டுநர். அவர் பெஞ்சில் பேப்பரோடு அமர்ந்துகொள்வார், பல்லக்கா நடப்பார். இரண்டு மாதத்தில் முழங்கால் வழிக்கு வந்தது. ஆனால் அவர் கண் அதற்குள் வேறு பக்கம் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு தபால்காரம்மா, பெரியவர்களுக்குச் சக்கரக் காலணி ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, தினமும் பாக்கறீங்களே, கால் அளவு என்ன?"

"ஏழு. எதுக்கு?"

கேட்டு முடிப்பதற்குள் காலில் சக்கரம் ஏறிவிட்டது. முட்டிக்கும் கைக்கும் கவசம், தலையில் கவசம். கணவர் பேப்பரை மடித்தார்.

"இந்த வயசுல இது தேவையா? விழுந்தா யாரு பாக்கறது?"

"நீங்கதான். வேற யாரு?"

மூன்று வாரம் கைப்பிடிக் கம்பியை விடவில்லை. நாலாவது வாரம் ஆறாம் வாசல் சரிவின் உச்சியில் நின்று, மூக்கு அரித்ததால் கையை எடுத்தார். அவ்வளவுதான். சக்கரங்கள் கிளம்பிவிட்டன.

"தள்ளுங்க, தள்ளுங்க, எனக்கு நிக்கத் தெரியாது!"

ஏழாம் வாசலில் தூக்கிய கைகளை இறக்க மறந்து, இரண்டு வரிசையும் விலகி வழிவிட்டது. நடுவில் பல்லக்கா ஊர்வலம் போலப் போனார். யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். காற்று காதில் விசிறியது. பயம் எந்த இடத்தில் இறங்கிக்கொண்டது என்று அவருக்குத் தெரியவில்லை. வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு குபுகுபுவென்று வந்தது. எட்டாம் வாசல் போயிற்று. முட்டிக்கொள்ளச் சுவரோ கம்பமோ எதிரில் எதுவும் இல்லை. அத்தனை பெரிய வெளி. ஒன்பதாம் வாசல் அருகே சக்கரங்கள் தாமாகவே ஓய்ந்து நின்றன.

பின்னால் ஓடி வந்தார் கணவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"அடி பட்டுச்சா?"

பல்லக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர். மூச்சு வந்ததும் கேட்டார்:

"மறுபடி ஒரு தடவை போகட்டுமா?"

நிற்கக் கற்றுக்கொண்டு போங்கள் என்றார் தபால்காரம்மா. கற்றுக்கொண்டார். அடுத்த இரண்டு மாதத்தில் முழுச் சுற்றும், ஆயிரத்து இருநூறு மீட்டர், எங்கும் பிடிக்காமல் வந்தார். ஏழாம் வாசல்காரர்கள் ஒவ்வொரு முறையும் வரிசை பிளந்து வழிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் பேப்பர் மட்டும் கிடந்தது. கணவர் காலில் சக்கரத்தோடு, மனைவியின் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாப்பது பேர வச்சு வண்டி ஓட்டறவன் நான். இதுல பிரேக் எங்க இருக்கு?"

"குதிகால்ல. மொதல்ல கிளம்புங்க, அப்புறம் நிக்கறதப் பத்திப் பேசலாம்."

"மெதுவாப் போ."

"நான் எங்க போறேன்? நீங்கதான் என்னைத் தள்றீங்க."

இருவரும் ஒட்டிக்கொண்டே, கோணல்மாணலாக, சிரிப்பு அடங்காமல், அடுத்த வெள்ளைக் கோட்டைத் தாண்டினார்கள்.