பங்காளி வீட்டுத் தண்ணி

முள்ளுக்குறிச்சி அப்பாசாமிக்குப் பகை என்பது பழைய சோறு மாதிரி. தினமும் கொஞ்சம் உள்ளே போகாவிட்டால் வேலை ஓடாது. வரப்புத் தகராறில், பங்காளி கருப்பண்ணன் வீட்டுத் தண்ணீரைத் தொடுவதில்லை என்று கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவர். இன்னொரு பழக்கமும் உண்டு. குச்சிக்கிழங்கு பிடுங்கப் போனால், இடுப்பு வலி வருவதற்கு முன்பே பெட்டிக்கடை வலி மாத்திரையைப் போட்டுக்கொள்வார்.

அன்று மனைவி ஊரில் இல்லை. விடியும்போதே வாந்தி, பேதி. “மேல ஊத்துனா கீழ போகுது” என்று தண்ணீரை நிறுத்திவிட்டு, வயிற்று வலிக்கும் அதே மாத்திரையை விழுங்கினார். சாயங்காலம் வீடு வீடாகப் பார்த்துவந்த நர்ஸ் ஜெனிபர், கயிற்றுக்கட்டிலில் சுருண்டு கிடந்தவரையும் பக்கத்தில் கிடந்த மாத்திரை அட்டையையும் பார்த்துவிட்டு, அவரை எழுப்பினாள்.

“ஒண்ணுக்குப் போனீங்களா?”

“காலையிலிருந்து இல்லீங்க. ஒரு வேலை மிச்சம்.”

“மிச்சமா? உடம்புல தண்ணி வத்திருச்சு. கிட்னிக்கு ரத்தம் சரியாப் போகலை. அந்தக் கொஞ்சத்தையும் உங்க மாத்திரை தடுக்குது. வாய்க்கால் வத்துனப்போ மடையையும் அடைச்சா பயிர் என்னாகும்? கருகுனப்புறம் ஆறே வந்தாலும் துளிர்க்காதுங்க.”

அப்பாசாமிக்கு முதன்முதலாகப் பயம் தட்டியது.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தோடு பானையைத் திறந்தாள். கிணற்றுத் தண்ணீரில் தலைப்பிரட்டை நீந்தியது. “வயித்தைக் கலக்குனது இதுதான்” என்று கொட்டினாள். காய்ச்சி ஆறிய தண்ணீர் பக்கத்தில் கருப்பண்ணன் வீட்டில்தான் கிடைத்தது. சொம்போடு அவனே வந்தான், வேடிக்கையை விட மனசில்லாமல்.

“எனக்கு வேண்டாம்” என்று அப்பாசாமி சுவர்ப் பக்கம் திரும்பினார்.

“வற்புறுத்தாதீங்க நர்சம்மா. சத்தியம் பெருசு” என்றான் கருப்பண்ணன். “நீ குடிக்காத சாமி. கிட்னி போயி நீ ஆஸ்பத்திரியே கதின்னு கெடந்தீன்னா, வரப்ப உம்பக்கமா ரெண்டு முழம் தள்ளி வெச்சுக்கறேன். உனக்கும் நடக்கற தூரம் கொறையும்.”

அப்பாசாமி எழுந்து உட்கார்ந்தார். “அந்தச் சனியனக் கலக்கிக் குடுங்க.”

“மெல்ல, மெல்ல” என்று ஜெனிபர் சொல்லச் சொல்ல, கருப்பண்ணனை முறைத்தபடியே மடக்கு மடக்காகக் குடித்தார்.

ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். வலி மாத்திரையைத் தொடக்கூடாது என்றார்கள். மறுநாள் விடிகையில் சிறுநீர் வந்தது, முதலில் கடுங்காப்பி நிறத்தில், பிறகு தெளிவாக. கிட்னி தப்பியது என்றார் டாக்டர். அப்பாசாமி உடனே ஜெனிபருக்குப் போன் போட்டார். நன்றி சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

“அந்தக் கருப்பண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லீருங்க கண்ணு. வரப்பு இருந்த எடத்துலயே இருக்கோணும்.”