கொட்டிக்கிழங்கும் நான் நிறுத்திய கைப்பிடியும்

கேமரா பிடிக்க வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது என் சாமர்த்தியத்தை அல்ல, என் மடத்தனத்தை.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியில் ஒரு துரையிடம் வேலை பார்த்தேன். சனங்கள் எதைத் தேடி எடுத்து எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று சின்னச் சின்னப் பேசாத படங்களாக எடுப்பதில் அவருக்குப் பைத்தியம். நல்லவாட்டில் கருவாடு எடுத்தோம், வில்லியனூரில் பனங்கிழங்கு எடுத்தோம். கேமராவின் கைப்பிடியைச் சீராகச் சுற்றுவது என் வேலை. ஃபிலிம் கப்பலில் வரவேண்டும். ஓர் அடி வீணானாலும் துரை முகம் சுளிப்பார். அதனால் காரியம் முடிந்ததும் பட்டென்று நிறுத்திவிடுவேன். அதில் எனக்குத் தலைக்கனம் வேறு.

ஒரு கோடையில் பாகூர்ப் பக்கத்து ஏரிக்குப் போனோம். தண்ணீர் வற்றிய சேற்றில் பெண்கள் கொட்டிக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிய கிழங்கு; அவித்தால் மாவாக இருக்கும். கூலி வேலை இல்லாத மாதங்களில் அவர்கள் வீட்டுச் சோறே அதுதான். அஞ்சலை என்று என் வயதுக்காரி ஒருத்தி, காய்ந்த தழையைப் பார்த்தே கிழங்கு எத்தனை விரல் ஆழத்தில் கிடக்கிறது என்று சொன்னாள். தோண்டினால் அங்கேயே இருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"இன்னாபா, கெயங்கப் பாத்ததே இல்லியா? வாய மூடிக்கினு சுத்து" என்றாள்.

அவள் கூடை நிறைந்தது. நான் கைப்பிடியை நிறுத்தினேன். அவள் எழவில்லை, குனிந்து இன்னும் என்னவோ செய்துகொண்டிருந்தாள். நான் கேமராவின் மூன்று கால் ஸ்டாண்டைப் பிடுங்கி மடக்கிக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், மேரி என்று நாங்கள் சொல்லும் கொம்யூன் ஆபீசில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைக் காட்டினோம். ஊர் நிர்வாகத்துக்குத் தலைவரான மேர் வந்திருந்தார். அஞ்சலையும் மற்றப் பெண்களும் வந்திருந்தார்கள். கிழங்கு தோண்டுகிறவர்கள் ஏரித் தரையைக் கெடுக்கிறார்கள், அவர்களை உள்ளே விடக்கூடாது என்று ஒரு நிலக்காரர் மனு கொடுத்திருந்தது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

படம் முடியும்போது வேட்டியில் தெரிந்ததெல்லாம் குழிகள்.

"பாத்துக்கிங்க. ஏரிய சல்லடையாக்கி வெச்சிருக்காளுங்க" என்றார் நிலக்காரர்.

மேர் மனுவில் எழுதப் பேனாவை எடுத்தார். அஞ்சலை என்னைத்தான் பார்த்தாள்.

"பாதியில வுட்டுட்டியேபா. நாங்க மூடுனத இன்னாத்துக்கு எடுக்கல? ஏரியில எறங்கக்கூடாதுன்னா எங்க புள்ளைங்க இன்னாத்த துன்னும்?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. துரை முன்னால் தப்பை ஒப்புக்கொண்டால் வேலை போனாலும் போகும். எழுந்து நின்றேன்.

"தப்பு என்னுதுங்க. அவங்க வேல முடியறதுக்குள்ள நான் நிறுத்திட்டேன். காலையில ஏரிக்கு வந்து நேராப் பாத்துட்டு எழுதுங்க."

மேர் பேனாவை மூடினார். மறுநாள் காலை எல்லோரும் போனோம். ஸ்டாண்டின் கால் பதிந்த தடத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தேன். அதற்கு எதிரே ஒரு குழிகூட இல்லை. அஞ்சலை ஒரு கைப்பிடி மண்ணை விலக்கிக் காட்டினாள். உள்ளே பொடிக் கிழங்குகள் இருந்தன. பெரியதை எடுத்துக்கொண்டு சின்னதைத் திரும்பப் புதைத்து, சேற்றைத் தட்டி மூடிவிட்டுத்தான் அவர்கள் எழுவார்களாம். அடுத்த மழைக்கு அது முளைக்கும். மேர் மனுவை மடித்து நிலக்காரரிடமே கொடுத்துவிட்டார். எனக்கு அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

துரை என்னைத் திட்டவில்லை, வேலையை விட்டும் அனுப்பவில்லை. ஆனால் அன்றுமுதல், எதிரே இருப்பவர் கைச் சேற்றைக் கழுவிக்கொண்டு எழும்வரை நான் கைப்பிடியை நிறுத்தியதில்லை. நீங்களும் நிறுத்தாதீர்கள்.

கிளம்பும்போது அஞ்சலை என் ஸ்டாண்ட் நின்ற இடத்தைக் காட்டினாள். காய்ந்த சேற்றில் ஆழமாக மூன்று ஓட்டைகள் இருந்தன.

"ஏரி முச்சூடும் தேடுனா இந்த மூணு குழிதான்பா கீது. மூடிட்டுப் போ."

முட்டி போட்டு உட்கார்ந்து மூடினேன்.