தினமும் விழுந்த டெஸ்டினெ

ஓட்வர் ஹௌக்லியைத் தினமும் தொலைபேசியில் கூப்பிட்டவள் ஒருத்திதான். அவளும் உண்மையில் இல்லாதவள்.

நார்வேயின் ஹாமார் நகரில், சுற்றுவட்டார நகராட்சிகளுக்குப் பொதுவான கணினி மையத்தில் ஓட்வருக்கு வேலை. அடித்தளத்து அறையில் அலமாரி உயரத்துக்கு ஒரு யூனிக்ஸ் சர்வர். தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் தொங்கும் பொத்தானை அழுத்தினால் செய்தி அதற்குத்தான் வரும். அங்கிருந்து பணியில் இருக்கும் செவிலியின் தொலைபேசிக்குப் போகும். அந்த மென்பொருளில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால், ஓடிக்கொண்டிருப்பதில் கைவைக்க முடியாது. எனவே ஓட்வர் அதே இயந்திரத்துக்குள் சோதனைக்கென்று ஒரு மெய்நிகர் பார்ட்டிஷனைப் பிரித்துக் கொடுப்பார். கொஞ்சம் நினைவகம், இரண்டு ப்ராசஸர், ஒரு வட்டு. சுவரில்லாத தடுப்புதான். ஆனால் உள்ளே ஓடுவது தன்னையே முழு இயந்திரம் என்று நம்பும். பக்கத்தில் இன்னொன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ஓட்வருக்கு அது விசித்திரமாகப் படவில்லை. அவர் குடியிருந்த அடுக்குமாடியும் அப்படித்தான்.

இலையுதிர்காலத்தில் கடலோர ஊரான ஓலெசுண்டிலிருந்து குன்வோர் என்ற சோதனைப் பொறியாளர் ஒரு பார்ட்டிஷன் கேட்டாள். செவிலியின் எண்ணுக்குப் பதிலாக யாருடைய எண்ணைப் போடுவது என்று பேச்சு வந்தபோது ஓட்வர் தன் எண்ணைக் கொடுத்தார். டெஸ்டினெ என்று ஒரு கிழவியைக் கணினிக்குள்ளேயே உருவாக்கி, மதியம்தோறும் விழவைத்தார்கள்.

ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் இருக்கும் காகிதப் பொட்டலத்தை அவர் பிரிக்கும்போது தொலைபேசி அடிக்கும். "டெஸ்டினெ கீழே விழுந்துவிட்டார். வருவதானால் ஒன்றை அழுத்தவும்."

"இதோ வரேன், டெஸ்டினெ," என்று சொல்லிவிட்டு ஒன்றை அழுத்துவார். மாடியில் மற்றவர்கள் சேர்ந்து சாப்பிடுவார்கள். அவர்கள் பேச்சு பனிச்சறுக்குப் பலகையில் தொடங்கிப் பேரப்பிள்ளைகளில் முடியும். அவருக்கு இரண்டும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பே சோதனை முடிந்துவிட்டது.

"அந்தப் பார்ட்டிஷனை எடுத்துரு ஓட்வர்," என்றாள் குன்வோர் தொலைபேசியில். "ப்ராசஸரை நிஜக் கிழவிங்க பக்கம் திருப்பிக் குடு."

"இந்த வாரம் எடுத்துடறேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்னே, மனுஷா!"

ஜனவரியில் நடைபாதையெல்லாம் பனிக்கட்டி. ஊரே வழுக்கி விழுந்தது. ஒரு காலை, வீட்டுப் பராமரிப்புப் பிரிவின் தலைவி சிஸ்ஸெல், காலணியில் பனி சொட்டச் சொட்ட அடித்தளத்துக்கே இறங்கி வந்தாள்.

"நேத்து நம்ம ஆஸ்லௌக் பாட்டி பொத்தானை அழுத்திட்டுக் குளியலறைத் தரையிலயே கிடந்திருக்கா. எங்க நர்ஸ் பொண்ணுக்குச் செய்தி வரவே அவ்வளவு லேட்டு. உன் பொட்டிக்கு என்ன, அதுக்கும் மூட்டு வலியா?"

"எப்படி இருக்காங்க?"

"எலும்பு தப்பிச்சுது. நாங்கதான் தப்பிக்கல, அந்தத் திட்டு திட்டறா."

ஓட்வர் திரையைப் பார்த்தார். நிஜப் பகுதி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே இரண்டு ப்ராசஸர்கள், இல்லாத ஒருத்தியை மதியம் விழவைப்பதற்காகச் சும்மா காத்திருந்தன. இது அவரைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. 'கூட்டம் அதிகம்' என்று சொல்லியிருந்தால் சிஸ்ஸெல் நம்பிக்கொண்டு போயிருப்பாள்.

"ரெண்டு ப்ராசஸர் எங்கிட்ட சும்மா கிடக்கு," என்றார். "போன மாசமே குடுத்திருக்கணும். என் தப்பு."

"ஏன் குடுக்கல?"

ஓட்வரின் பார்வை மேசைக்குப் போனது. மேசையில் பிரிக்காத பொட்டலம், பக்கத்தில் தொலைபேசி, ஒரே ஒரு நாற்காலி. தனியாட்கள் வீட்டுக் கதவைத் தட்டியே தலை நரைத்தவள் சிஸ்ஸெல், மறுபடி கேட்கவில்லை.

"இப்பக் குடு," என்றாள்.

பார்ட்டிஷனை நிறுத்தி, ப்ராசஸர்களை மாற்றி, வட்டைத் துடைப்பதற்கு ஒரு காப்பி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. சிஸ்ஸெல் பையிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து அழுத்தினாள். அவள் கையிலிருந்த தொலைபேசி உடனே அடித்தது. தலையசைத்துவிட்டுப் படியேறிப் போனாள்.

மறுநாள் மதியம் ஓட்வர் பொட்டலத்தைப் பிரித்தார். தொலைபேசி அடிக்கவில்லை. அடிக்காது என்று தெரிந்தும் ஒரு ரொட்டித் துண்டு முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்துக் குன்வோரைக் கூப்பிட்டார்.

"என்ன உடைஞ்சுது?" என்றாள் அவள், வாயில் எதையோ மென்றபடி.

"ஒண்ணும் உடையல. பார்ட்டிஷனை எடுத்துட்டேன்."

"அதான் நேத்தே மெயில் போட்டியே. அப்புறம்?"

ஓட்வர் அடுத்த ரொட்டித் துண்டை எடுத்தார். "அங்க பனியா?" என்றார்.

மெல்லும் சத்தம் நின்றது.

"இங்க ஏது பனி, மழைதான்," என்றாள் குன்வோர். "நீ என்ன சாப்பிடறே?"